பெரியவர் வேஷம்

ஜனவரி 6, திங்கள்

கல்லூரி திறந்த முதல் நாளே வயிற்றெரிச்சல். நாடக மன்றத்துக்கு இந்த வருஷம் வேணி மிஸ் பொறுப்பு. சின்ன வயசு, பெரிய கம்மல், அதைவிடப் பெரிய கொள்கைகள். போன வருஷம் நடித்தவர்கள் இந்த வருஷம் திரைக்குப் பின்னால் வேலை செய்ய வேண்டுமாம். பின்னால் நின்றவர்கள் நடிக்க வேண்டுமாம். "எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரியணும் பாப்பா, அதுதான் நாடகம்" என்றார். சமையல்காரரைப் பந்தியில் உட்காரவைத்து, சாப்பிட வந்தவன் கையில் கரண்டியைக் கொடுத்தால் அதற்குப் பெயர் விருந்து இல்லை. இதை நான் மனதுக்குள்தான் சொன்னேன்.

இரண்டு வருஷமாக இந்தப் பெண்கள் கல்லூரியில் மீசை என்றால் ஹெப்சிபா. ராஜா நான், மந்திரி நான், இன்ஸ்பெக்டர் நான். போன வருஷம் மாவட்டப் போட்டியில் வாங்கிய சிறந்த நடிகைக் கோப்பை விடுதி அறையில் சீப்பும் ஹேர்பின்னும் போட்டுவைக்கப் பயன்படுகிறது. அப்பேர்ப்பட்ட எனக்கு இந்த வருஷம் வேலை, திரை இழுப்பது.

நாடகத்தையும் மிஸ்ஸே எழுதியிருக்கிறார். 'பெரியவர் போயிட்டார்.' அப்பா செத்து நடுவீட்டில் கிடக்கிறார், பிள்ளைகள் மூன்று பேரும் பாகத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள். மூத்தவன் சிதம்பரம் மட்டும் அழாமல் கைகட்டி நிற்கிறான். கடைசியில் அப்பாவின் பிணத்தைப் பார்த்து ஒரு பக்கத்துக்குப் பேசுகிறான். அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த வேஷத்தை இசக்கியம்மாளுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இசக்கி என் அறைத்தோழி. மூன்று வருஷமாக என் எண்ணெய், என் பவுடர், என் போர்வை எல்லாவற்றையும் கேட்காமல் எடுப்பவள். போன வருஷ நாடகத்தில் அவள் செய்த தொண்டு, வேட்டிகளை மடித்துவைத்ததும் மிக்சர் பொட்டலத்தைக் காலி பண்ணியதும். "ஏட்டி ஹெப்சி, நான் என்னத்தட்டி நடிக்க? நீதான் சொல்லித்தரணும்" என்று என் கட்டிலில் விழுந்து சிரித்தாள். அவளுக்கு என்ன, சிரிப்பாள்.

ஜனவரி 9, வியாழன்

திரைக் கயிறு சரியில்லை. இளைய மகன் வேஷத்தில் பெனிட்டா பேசிக்கொண்டிருக்கும்போதே திரை அவள் தலையில் இறங்கிவிட்டது. எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். கயிறு சரியில்லை என்று எத்தனை தடவை சொல்வது?

ஜனவரி 10, வெள்ளி

கயிற்றை மாற்றினார்கள். இன்றைக்கு சுபத்ராவின் மேல் இறங்கியது.

மிஸ்ஸிடம் நேராகவே கேட்டேன். எனக்கு ஏன் சிதம்பரம் வேஷம் இல்லை? போன வருஷ நாடகத்தை வீடியோவில் பார்த்தாராம். "நீ நல்லாத்தான் பண்ணுறே ஹெப்சிபா. ஆனா நீ மேடையில நின்னா மத்தவங்க எல்லாம் ஜன்னல் கம்பி மாதிரி ஆயிடுறாங்க. அடுத்தவ பேசி முடிக்கறதுக்குள்ள நீ பேசிடுறே." அடுத்தவள் பேசி முடித்தால் நாடகம் அடுத்த பொங்கலுக்குத்தான் முடியும். அதை மிஸ்ஸிடம் யார் சொல்வது? "அந்தப் புள்ளை வசனம் பாடம் பண்ணலைன்னா அப்போ பார்ப்போம்" என்றும் சொன்னார். அதைக் குறித்துக்கொண்டேன்.

இது என் கடைசி மேடை. ஏப்ரலில் பரீட்சை, மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை மெஞ்ஞானபுரம், துபாயில் வேலை. நாடகம் பார்ப்பீர்களா என்று போனில் கேட்டேன். எந்தச் சேனலில் என்றார். நல்ல மனிதர், அதனால் போனை வைத்துவிட்டேன். இனி எவன் எனக்கு மீசை ஒட்டப் போகிறான்? கடைசி வருஷம் அந்த ஒரு பக்கத்தை நான் பேசியிருக்க வேண்டும். நினைத்தால் அழுகை வருகிறது, அழவில்லை.

ஜனவரி 20, திங்கள்

பொங்கல் முடிந்து வந்தால் புதுக் கூத்து. பெரியவர் பிணமாகப் படுக்க இருந்த முதல் வருஷத்துச் செண்பகாவின் அம்மா சங்கரன்கோவிலிலிருந்து கிளம்பி வந்துவிட்டார். "கல்யாணம் ஆகாத புள்ளைய நெத்தியில காசு வச்சு, கால் பெருவிரலக் கட்டிக் கிடத்துவியளோ? உங்க வீட்டுப் புள்ளன்னா செய்வியளா?" என்று ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று கேட்டார். மிஸ்ஸின் கம்மல்கூட ஆடவில்லை. அப்புறம் மிஸ் யாரைக் கேட்டாலும் அவளுக்கு ஒரு அம்மா இருந்தார், அந்த அம்மாவுக்கு ஒரு பயம் இருந்தது.

கடைசியில் எல்லார் கண்ணும் என் பக்கம் திரும்பியது. "ஹெப்சிபா, உங்க மதத்துலதான் இந்தக் காசு வைக்கிறது, விரல் கட்டுறது எல்லாம் கிடையாதே?" என்றார் மிஸ். வேதக்காரப் பெண் செத்துக் கிடந்தால் தோஷம் கிடையாது என்பது அவர் கண்டுபிடிப்பு. அதோடு, திரைக் கயிற்றைச் செண்பகா இழுக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார். பெனிட்டா கைதட்டினாள்.

சரி என்றேன். மேடைக்கு நடுவில் கிடப்பேனே தவிர, கயிறு பிடித்துக்கொண்டு ஓரத்தில் நிற்க மாட்டேன்.

அம்மாவிடம் போனில், பெரியவர் வேஷம் என்று சொன்னேன். நாடகமே அவரைச் சுற்றித்தான் என்றேன். பொய் இல்லையே.

ஜனவரி 24, வெள்ளி

பிணமாகக் கிடப்பது லேசு என்று நினைக்கிறவர்கள் ஒரு நாள் கிடந்து பார்க்கட்டும். மூக்கில் பஞ்சு. மூச்சை வயிற்றுக்குப் போகாமல் மேலாக விட வேண்டும். கொசுவுக்கு மட்டும் நான் உயிரோடு இருப்பது தெரிகிறது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. கண்ணை மூடிக்கொண்டு இவர்கள் நடிப்பதைக் கேட்க வேண்டியிருக்கிறதே, அதுதான் தண்டனை. சுபத்ரா மகள் வேஷம். அப்பா செத்த துக்கத்தை ரயில் வருகை அறிவிப்பு மாதிரி சொல்கிறாள்.

இன்றைக்குச் சுபத்ராவுக்குப் பாதியில் வசனம் மறந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் "அப்பா" என்று கத்திக்கொண்டு என் நெஞ்சில் விழுந்து முகத்தை மறைத்துக்கொண்டாள். அவள் முடி என் முகத்தை மூடியிருந்தது. பொறுக்க முடியாமல் அடுத்த வரியை அவள் காதில் சொல்லித் தொலைத்தேன். அவள் எழுந்து அழகாகச் சொன்னாள். மிஸ் பரவசமாகிவிட்டார். "இதுதான், இந்தத் துக்கம்தான் வேணும்."

ஜனவரி 30, வியாழன்

இப்போது அதுவே வழக்கமாகிவிட்டது. மறந்தால் அப்பா மேல் விழு, அழு, அடுத்த வரியை வாங்கிக்கொண்டு எழு. சுபத்ரா, பெனிட்டா, துக்கம் கேட்க வருகிற பக்கத்து வீட்டுக்காரி எல்லாரும் விழுகிறார்கள். எவள் எவ்வளவு குறைவாகப் படித்தாளோ அவ்வளவு பாசமான பிள்ளை. பெனிட்டா ஒரே காட்சியில் நான்கு தடவை விழுந்தாள், என் விலா எலும்பு அதற்குச் சாட்சி. மிஸ்ஸுக்கு எதுவும் தெரியாது. அவர் கீழே உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

ஆக மொத்தம் எல்லார் வசனமும் என் வாயிலிருந்துதான் போகிறது. மேடையில் அசையாமல் கிடந்து இத்தனை பேர் வேஷத்தையும் கட்டுகிறேன்.

இசக்கி மட்டும் விழ முடியாது. சிதம்பரம் அப்பாவைத் தொட மாட்டான், கிட்டே வர மாட்டான், கால்மாட்டில் கைகட்டி நிற்பான். அதுதான் அவன் குணம் என்று மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் அவள் மட்டும் ஒழுங்காகப் பாடம் பண்ண வேண்டியிருக்கிறது. தினமும் சாயங்காலம் அறையில் நான் சொல்லிக்கொடுக்கிறேன். மிஸ் அவளை எடுத்துவிட்டால் அந்த வேஷம் எனக்கு வரும், அப்படியும் சொல்லிக்கொடுக்கிறேன். என் பெருந்தன்மை எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அவள் முறுக்கைக் கடித்துக்கொண்டே "நீங்க எனக்கு எழுதிவச்சது வயலு இல்ல" என்கிறாள்.

பிப்ரவரி 5, புதன்

இசக்கி இன்று முழுப் பக்கத்தையும் தப்பில்லாமல் சொன்னாள். மிஸ் அவள் தோளைத் தட்டினார். வேஷம் மாறாது என்று தெரிந்துவிட்டது.

ஒத்திகை முடிந்து பாத்திரம் கழுவுகிற இடத்தில், நான் பின்னால் நிற்பது தெரியாமல் இசக்கி பெனிட்டாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். "ஹெப்சிதான் சொல்லித்தந்தா. ஆனா அவ மாதிரி கத்திறாதேன்னு மிஸ் சொல்லிட்டாங்க. அவ சொல்லும்போது ஆமான்னு கேட்டுக்கிட்டு, இங்க வந்து எனக்குத் தோணுத மாதிரி சொல்லுதேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெனிட்டாவும் சிரித்தாள்.

அறைக்கு வந்து படுத்துவிட்டேன். சாயங்காலம் "வசனம் பார்ப்பமாட்டி?" என்று வந்தாள். தலைவலி என்றேன். என் தைலத்தை எடுத்து வந்து என் நெற்றியிலேயே தேய்த்துவிட்டாள். கையைத் தட்டிவிட வேண்டும் போல இருந்தது. தட்டவில்லை.

பிப்ரவரி 8, சனி

தலைவலி.

பிப்ரவரி 12, புதன்

இன்னும் தலைவலி என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். இசக்கி தனியாக மொட்டைமாடியில் நடந்துகொண்டு படிக்கிறாள். ஒரு வரியில் மட்டும் நிற்கிறாள். "நீங்க எனக்கு எழுதிவச்சது வயலு இல்ல, வீடு இல்ல." அதற்கு மேல் வரவில்லை. கீழே நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். "உங்க கோபத்தத்தான் எழுதிவச்சீங்க." சோப்புப் போடுகிறவளுக்கு வருகிறது, மாடியில் நடக்கிறவளுக்கு வரவில்லை.

மாடிக்குக் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுத்திருக்கலாம். தோணுகிற மாதிரி சொல்கிறவளுக்குத் தோணட்டும்.

பிப்ரவரி 15, சனி

தூத்துக்குடியில் போட்டி. முதல் பரிசு எங்களுக்கு. சிறந்த நடிகை இசக்கியம்மாள். பஸ்ஸில் எல்லாரும் பாட்டு. எனக்குத் தலைவலி, இது நிஜமான தலைவலி.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

எல்லாரும் வழக்கம்போல மறந்தார்கள், வழக்கம்போல என் மேல் விழுந்தார்கள். என்ன பாசமான குடும்பம் என்று சபையில் ஒரு அம்மா சொன்னது எனக்கே கேட்டது. கடைசியில் சிதம்பரத்தின் பேச்சு. இசக்கி நன்றாகத்தான் சொன்னாள். கத்தாமல், பக்கத்தில் இருக்கிற ஆளிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். அது நன்றாக இருந்தது என்று எழுத எனக்குக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். "வயலு இல்ல, வீடு இல்ல" வரைக்கும் வந்தாள். அப்புறம் சத்தத்தைக் காணோம்.

கண் மூடிக் கிடக்கிறவளுக்கு அந்த நேரம் ரொம்பப் பெரிது. யாரோ இருமினார்கள். பிறகு காலடிச் சத்தம் என் பக்கம் வந்தது. அப்பாவைத் தொடவே கூடாத மூத்த பிள்ளை வந்து என் நெஞ்சில் விழுந்தாள்.

"ஏட்டி, அடுத்து என்ன?"

நான் பேசவில்லை.

"ஹெப்சி, அடுத்த வரிட்டி. சொல்லுட்டி."

எனக்கும் அந்த நேரம் மறந்துவிட்டது. யாருக்கும் மறக்கும்.

மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை. என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கழுத்தெல்லாம் ஈரம். நாடகம் முடிந்தது என்று நினைத்துச் செண்பகா திரையை இறக்கிவிட்டாள். கைதட்டல் அடங்கவே இல்லை. நடுவர் ஒருவர் மேடைக்கே வந்து, "கல்லு மாதிரி நின்ன பிள்ளை பேச வார்த்தை இல்லாம அப்பா மேல விழுந்தான் பாருங்க, அந்த இடத்துக்குத்தான் பரிசு" என்றார். மிஸ், தான் எழுதாத இடத்துக்குத் தலையாட்டினார்.

பிப்ரவரி 19, புதன்

காலை வணக்கக் கூட்டத்தில் மிஸ் எங்களை மேடையேற்றிப் பேசினார். பிணமாகக் கிடந்தவள்தான் எல்லாருக்கும் வசனம் சொன்னாள் என்பதைச் சுபத்ரா உளறிவிட்டாள் போல. "ஹெப்சிபா நினைச்சிருந்தா இசக்கிக்கும் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அந்த இடத்துக்கு மௌனம்தான் சரின்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. விட்டுக் கொடுக்கிறது எப்படின்னு இந்த வருஷம் கத்துக்கிட்டா." எல்லாரும் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். மூக்கில் பஞ்சு வைத்துக் கிடந்தபோதுகூட எனக்கு இவ்வளவு மூச்சு முட்டியதில்லை. இசக்கி பக்கத்தில்தான் நின்றாள், கைதட்டவில்லை.

அவள் புதிதாகத் தேங்காய் எண்ணெய் வாங்கியிருக்கிறாள். ஒரு சின்ன பாட்டில். தன் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

மத்தியானம் அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். பரிசுக் கோப்பையைக் காகிதத்தில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போகிற பையில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியிலேயே வைக்கலாமே, சீப்புப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

"நான் அன்னைக்கு நடிக்கல ஹெப்சி" என்றாள். "நீ சொல்லுவேன்னு வந்தேன். ரெண்டாந்தடவை கேக்கும்போது உன் மூச்சு நின்னுட்டு. உனக்கு வரி தெரியும், சொல்ல மாட்டேன்னு அப்போதான் தெரிஞ்சுது. அதுக்குத்தான் அழுதேன். அந்த அழுகைக்கு ஒரு கப்பு குடுத்துட்டாவ."

எனக்கும் மறந்துபோச்சு என்றேன்.

"சரி" என்றாள்.

கத்தியிருந்தால் திரும்பக் கத்தியிருப்பேன். எனக்கு அது கைவந்த கலை. சரி என்று சொன்னால் நான் என்ன செய்ய?

மார்ச் 6, வியாழன்

நாளை கல்லூரி ஆண்டு விழா. நாடகம் மறுபடியும். பரிசு வாங்கித் தந்த இடத்தை விடுவாரா மிஸ்? வசனத்தாளில் சேர்த்தே விட்டார். சிதம்பரம் "வீடு இல்ல" என்று சொன்னதும் அப்பா மேல் விழுந்து அழ வேண்டும், பிறகு எழுந்து "உங்க கோபத்தத்தான்" என்கிற கடைசி வரியைச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் இசக்கி விழுகிறாள், ஆனால் அழுகை வரவில்லை. பலகையில் பலகை விழுந்த மாதிரி இருக்கிறது. "ஹெப்சிபா, அன்னைக்கு என்ன செஞ்சியோ அதையே செய்" என்கிறார் மிஸ். அவர் நல்லவர். நல்லவர்கள் வாயிலிருந்துதான் இப்படியெல்லாம் வரும்.

அம்மாவும் வருகிறாள். என்ன வேஷம் என்று இன்னும் சொல்லவில்லை.

இசக்கி என்னோடு பேசுகிறாள். மணி என்ன, தண்ணீர் வந்ததா, விளக்கை அணைக்கலாமா. மூன்று வருஷத்தில் விளக்கை அணைக்க அவள் என்னைக் கேட்டதே இல்லை. மே மாதம் கல்யாணத்துக்கு அவள் வர மாட்டாள் என்று இன்றைக்குத் தோன்றியது. சிதம்பரம் வேஷம் போனால் போகட்டும். இது போகக் கூடாது. பத்துப் பேருக்கு வரி சொல்லிக்கொடுத்த எனக்கு, அவளிடம் சொல்ல ஒரு வரி வரவில்லை.

எனக்கு மறக்கவில்லை. மறந்ததாக எழுதியது பொய். இங்கே எழுதி என்ன பிரயோஜனம், அவள் இதைப் படிக்கப் போவதில்லை.

மார்ச் 7, வெள்ளி

திரை திறந்தது. முன் வரிசையிலிருந்து "ஏசப்பா" என்று அம்மாவின் குரல் கேட்டது. கிடந்தபடியே கேட்டுக்கொண்டேன்.

சுபத்ராவும் பெனிட்டாவும் இந்தத் தடவை மறக்கவில்லை. பழக்கதோஷத்தில் சும்மாவே விழுந்தார்கள். நான் இசக்கிக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். அவள் பேச்சை இன்று முழுதாகக் கேட்டேன். எப்போதும் நான் மனதுக்குள் கூடவே சொல்லிக்கொண்டு, இந்த இடத்தில் இப்படிச் சொல்லியிருப்பேன் என்று திருத்திக்கொண்டு கிடப்பேன். இன்றைக்கு அப்படிச் செய்யவில்லை. சிதம்பரத்துக்கு அப்பா மேல் இருந்தது கோபம் மட்டும் இல்லை என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

"வயலு இல்ல, வீடு இல்ல" என்றாள். நடந்து வந்தாள். விழுந்தாள். அவள் தலைமுடி என் முகத்தை மூடியது. அதில் வேறு எண்ணெய் வாசனை.

"எனக்கு வரி தெரியும்ட்டி" என்றேன். "வேணும்னேதான் சொல்லல. பொறாமை. மன்னிச்சிருட்டி இசக்கி."

அவள் கை வந்து என் வாயைப் பொத்தியது.

"பொணம் பேசக் கூடாது" என்றாள்.

அழுகிறாளா, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்தால் தெரிந்துவிடும். அவ்வளவு பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் திறக்கவில்லை. என் வாயைப் பொத்திய கையை எடுக்காமலே அவள் தலையை நிமிர்த்தி, கடைசி வரியைச் சபைக்குச் சொன்னாள்.